செங்குத்தான அலைக்கு எந்தப் பலகை? மூக்கு குத்துவது பலகையா, நானா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பெரிய, செங்குத்தான அலைக்கு எந்த சர்ஃப் பலகை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருட அனுபவம், 72 கிலோ எடை, இடது காலை முன்னால் வைத்து நிற்பவர். கையில் இருப்பது 5 அடி 8 அங்குல ஃபிஷ் பலகை, 35 லிட்டர் கன அளவு, இரண்டு ஃபின், அதாவது வாலின் அடியில் நிற்கும் துடுப்புகள். டிசம்பர், ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டி மலேசியாவின் டெசாரு, ஆண்டுக்கு இரண்டு முறை பாலியில் கூத்தா, சாங்கு. போன ஆகஸ்டில் முதல்முறையாக அதே பாலியின் பிங்கினில் இறங்கி, 11 அலைக்குப் போய் 9 அலையில் மூக்கு குத்தி, அதாவது பலகையின் முன்முனை நீரில் புதைந்து, விழுந்தீர்கள். கடைக்காரர் 6 அடி 10 அங்குலப் பலகையைக் காட்டுகிறார். நண்பரோ இன்னும் சின்னதாக, மெல்லியதாக எடு என்கிறார். இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் "தப்பு பலகையிலா, என்னிலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டிலும்தான். அலைக்குள் தாமதமாக நுழைகிறீர்கள், அது உங்கள் பக்கத்துத் தப்பு. ஆனால் அந்தப் பலகையோடு அந்த அலைக்குள் சீக்கிரம் நுழைவது எனக்கும் கஷ்டம்தான், அது பலகையின் பக்கம். கடைக்காரர், நண்பர் இருவரும் பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் 20 வருடத்துக்கு மேலாகக் கப்பலின் அடிப்பகுதி வடிவத்தை வரைந்து கணக்குப் பார்ப்பதுதான் வேலை. சர்ஃபிங் 19 வருடமாக. நண்பர்கள் உடைத்துக்கொண்டு வரும் பலகைகளுக்கு ஓட்டை அடைத்துத் தருவேன், அதனால் எந்தப் பலகை எங்கே, எப்படி உடைகிறது என்பது கைப்பழக்கமாகத் தெரியும். ஆனால் நுரைக்கட்டையிலிருந்து ஒரு முழுப் பலகையை நான் செதுக்கியதில்லை. என் தலைக்கு மேல் இன்னோர் ஆள் உயரம், அதாவது சுமார் 3 மீட்டர் சரிவு வரைதான் நான் ஓட்டியிருக்கிறேன். அதற்கு மேற்பட்ட அலைகளைக் கரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பார்த்தவன். ஆகவே கன் எனப்படும் மிகப் பெரிய அலைப் பலகைகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை, உங்களுக்கு இப்போது அது தேவையும் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். 'பெரிய', 'செங்குத்தான' என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு சங்கதிகள். அலையின் உயரத்தைத் தூரத்துக் காற்று தீர்மானிக்கிறது, செங்குத்தைக் காலடியில் இருக்கும் தரை தீர்மானிக்கிறது. கூத்தாவில் மணல் தரை மெல்ல மெல்லச் சரிந்து வருகிறது, அதனால் அலை உச்சியிலிருந்து நுரையாக வழிந்து இறங்குகிறது. பிங்கினில் ஆழமான நீரிலிருந்து வரும் அலை திடீரென்று பவளப்பாறைத் திட்டின் மேல் ஏறுகிறது. அடி தடுக்கியவன் மாதிரி மேல்பாதி முன்னால் பாய்ந்து மடங்குகிறது. அதே 5 அடி அலை, ஆனால் கூத்தாவில் சாய்தளம், பிங்கினில் சுவர். இதோடு உயரத்தைச் சொல்வதிலும் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. ஹவாய்க்காரர் 4 அடி என்பது நாம் முன்னால் நின்று பார்த்தால் ஏறக்குறைய 8 அடி. கடைக்காரரிடம் பேசும்போது அடிக்கணக்கை விட்டுவிட்டு, "நெஞ்சளவு, தலையளவு, தலைக்கு மேல் பாதி ஆள்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, அலைக்கும் அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்பது. டெசாருவுக்கு வருவது வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலில் கிளப்பிவிடும் அலை. 6, 7 விநாடிக்கு ஒன்று வரும், தள்ளுமுள்ளாக வரும், ஆனால் பலமில்லாதது. பாலியின் தென்முனையான புக்கிட் பக்கம் (பிங்கின் இங்கேதான்) வருவது தெற்கே 40 பாகைக்கு அப்பால் அடிக்கும் புயற்காற்றுகள் அனுப்புவது. நாள்கணக்கில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து, 14, 16 விநாடி இடைவெளியோடு வந்து சேரும். 15 விநாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் ஒரு நாளைக்குச் சுமார் 1000 கிலோமீட்டர் நகரும். கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் 'கள்ளக்கடல்' என்கிறார்களே, காற்றே இல்லாத நாளில் திருடன் மாதிரி ஊருக்குள் நுழையும் கடல், அதுவும் இதே தெற்குக் கடலின் பிள்ளைதான். சுமத்ரா குறுக்கே படுத்திருப்பதால் சிங்கப்பூருக்கு மட்டும் அது வருவதில்லை. ஈஸ்ட் கோஸ்ட்டில் நமக்குக் கிடைப்பது கப்பல் போனபின் வரும் சலசலப்பு. உயரம் இரண்டு மடங்கானால் அலையின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இடைவெளியும் கூடினால் அதற்கு மேலும். டெசாருவில் தலையளவு அலையை ஓட்டிய நம்பிக்கையோடு பிங்கினில் தலையளவு அலைக்குப் போனது உங்கள் முதல் சறுக்கல். நானும் அப்படித்தான் போனேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

இப்போது மூக்கு குத்தும் விஷயம். நம் வீடுகளில் மூக்கு குத்துவது ஒரு சடங்கு, மாமன் சீர் எல்லாம் உண்டு. அலையில் குத்தினால் உப்புத் தண்ணீர் மட்டும்தான். ஏன் குத்துகிறது? 1 மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும், அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். 2 மீட்டர் அலை இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடையும், வேகம் 18. நாம் பலகையில் குப்புறப் படுத்து, உயிரைக் கொடுத்துக் கையால் பேடில் அடித்தாலும் 5, 6 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. மீதி வேகத்தைச் சரிவில் சறுக்கித்தான் சம்பாதிக்க வேண்டும். அலை இன்னும் சாய்தளமாக இருக்கும்போதே உங்கள் பலகை சறுக்க ஆரம்பித்துவிட்டால், அது சுவராகும் நேரத்தில் நீங்கள் எழுந்து நின்றிருப்பீர்கள். சாய்தளத்தில் சறுக்காத பலகை என்றால், அலை சுவராகும் வரை உச்சியில் காத்திருந்து, பிறகு செங்குத்தாக விழ வேண்டியதுதான். பெரிய அலையில் பலகை வாங்குவது என்றால் எல்லோரும் திருப்புவதைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த முதல் இரண்டு விநாடிக்குத்தான் பலகை வாங்க வேண்டும்.

உங்கள் ஃபிஷ் அந்த இரண்டு விநாடியில் என்ன செய்கிறது? அதன் குணம், அகலமான முன்பக்கம், தட்டையான அடி, அகலமான பிளவுபட்ட வால். சோம்பேறி அலையில் அது பறப்பதற்கு இதுதான் காரணம். தட்டையான அடி நீரைத் தள்ளாமல் மேலே மிதந்து ஓடும். ஆனால் செங்குத்தான அலையின் அடிவாரத்தில் நீர் ஒரு கிண்ணம் மாதிரி வளைந்திருக்கிறது. கிண்ணத்துக்குள் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், முனை முட்டும். வளைவான ஒன்றை வைத்தால் உட்காரும். இதைத்தான் ராக்கர் என்கிறார்கள், பலகையின் அடிப்பக்கம் மூக்கிலும் வாலிலும் மேல்நோக்கி வளைந்திருப்பது. ஊரில் கரையிலிருந்து அலையைக் கிழித்துக்கொண்டு போகும் கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு, அணியம், அதாவது முன்முனை, ஏன் மேலே தூக்கிச் சீவியிருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராக்கரை நீங்களே வீட்டில் அளக்கலாம், கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடும் கம்பு இருக்கிறதல்லவா, மூங்கில் வேண்டாம், அது கோணலாக இருக்கும், அலுமினியக் கம்பு நல்லது. பலகையை இரண்டு முக்காலி மேல் கவிழ்த்து வையுங்கள், அடிப்பக்கம் மேலே. கம்பை நடுக்கோட்டில், பலகையின் சரிபாதி தொடும்படி நீளவாக்கில் வைத்து, மூக்கு நுனிக்கும் கம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, வால் நுனிக்கு எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். போன மாதம்கூட எங்கள் தாழ்வாரத்தில் இரண்டு பலகையை இப்படி வைத்து அளந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சீன முதியவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய இஸ்திரி மேசை எங்கே வாங்கினாய் என்று கேட்டார். அளவு என்னவென்றால், ஃபிஷ் பலகைக்கு மூக்கில் 4 அங்குலம். பெரிய அலைக்கான 6 அடி 4 அங்குலப் பலகைக்கு ஐந்தேகால். பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. அந்த ஒன்றேகால் அங்குலம்தான் உங்கள் 9 அலைகளில் பாதியைக் காப்பாற்றியிருக்கும். மீதிப் பாதிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

வால் பக்கத்துக்கு வருவோம். செங்குத்தான சரிவில் வேகமாகக் குறுக்கே ஓடும்போது, அகலமான வாலுக்கு அடியில் நீர் அதிகமாகத் தூக்குகிறது. தூக்கினால் விளிம்பு அலைக்குள் பதியாது, பதியாவிட்டால் வால் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1930-களில் ஹவாயில் ஜான் கெல்லி, ஃபிரான் ஹீத், வாலி ஃபிராய்செத் என்று சில இளைஞர்கள், அகலமான கனத்த மரப்பலகைகள் பெரிய அலையில் வால் வழுக்குவதில் வெறுத்துப் போனார்கள். கெல்லி ஒரு கோடரியை எடுத்து, ஹீத்துடைய பலகையின் பின்பக்கத்தை இரண்டு புறமும் வெட்டிக் குறுக்கிவிட்டார். மறுபடி கடலில் இறக்கியபோது வால் நீருக்குள் பதிந்து, சரிவைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் பலகையில் ஃபின்னே கிடையாது, வெறும் வடிவம்தான் பிடித்தது. இன்றைக்கும் பெரிய அலைப் பலகைக்கு வால் குறுகலாக, உருண்டு முடிவதற்கு அந்தக் கோடரிதான் மூதாதை.

ஃபின் விஷயத்தில் உங்கள் இரண்டு ஃபின் ஃபிஷ், சுவரில் விளிம்பு மாற்றும்போது நழுவுவது இயல்பு. மூன்று ஃபின் அமைப்பை ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் கொண்டுவந்தார். 1981-இல் பெல்ஸ் கடற்கரையில், அந்தப் போட்டி கண்ட மிகப் பெரிய அலைகளில் அதை ஓட்டி ஜெயித்த பிறகுதான் உலகமே அதற்கு மாறியது. நடு ஃபின் வாலை அடக்கிவைக்கிறது, ஓர ஃபின்கள் திருப்பும்போது பிடிக்கின்றன. உங்களுக்கு மூன்று ஃபின், மீடியம் அளவு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சரி, நண்பர் சொன்ன 'சின்னதாக, மெல்லியதாக'. அவர் சொல்வதில் உண்மை இருக்கும் பாதி இது: நுட்பமான விளிம்பு செங்குத்தான அலையில் நன்றாகப் பதியும். நன்றாக ஓட்டுபவர்கள் மெல்லிய பலகையில் நிற்பதைப் பார்த்து அவர் அதைச் சொல்லியிருப்பார். ஆனால் அவர்கள் வாரத்துக்கு 5 நாள் கடலில் கிடப்பவர்கள். நாம் வருடத்தில் 25, 30 நாள். எங்கள் தொழிலில் இதை இரண்டாகப் பிரித்துத்தான் பார்ப்போம். நீரில் மெதுவாகப் போகும்போது உங்களைத் தாங்குவது பலகையின் கன அளவு, அதாவது லிட்டர். 35 லிட்டர் பலகை அதிகபட்சம் 35 கிலோவுக்குச் சற்று மேல் கடல்நீரை விலக்கும், அவ்வளவுதான் அதன் தாங்குதிறன். வேகமாகச் சறுக்க ஆரம்பித்தவுடன், தாங்குவது ஓடும் நீரின் அழுத்தம். அப்போது லிட்டர் ஏறக்குறைய மறந்துபோகும், வடிவம்தான் வேலை செய்யும். பேடில் அடிக்க லிட்டர் வேண்டும், நின்றபின் குறுகலான வடிவம் வேண்டும். லிட்டரைக் குறைத்தால் உங்கள் முதல் இரண்டு விநாடி இன்னும் மோசமாகும். ஆகவே லிட்டரைக் குறைக்காமல், அதே லிட்டரை நீளவாக்கில் இழுத்து, அகலத்தைக் குறைக்க வேண்டும். பிசைந்த மாவை உருண்டையிலிருந்து நீளமாக உருட்டுவது போல. மாவு அதே மாவுதான்.

அப்படியானால் கடைக்காரரின் 6 அடி 10 அங்குலம் ஏன் கூடாது? நீளம் வேண்டும் என்பதில் அவர் சரி. நீளமான பலகை பேடிலில் வேகமாக ஓடும், இது கப்பலுக்கும் பொருந்தும் விதி. ஆனால் நீங்கள் 5 அடி 8 அங்குலத்தில் பழகியவர். 14 அங்குலம் ஒரே தாவாகக் கூட்டினால், எழுந்து நிற்கும் இடம், காலை ஊன்றும் இடம் எல்லாமே மாறிவிடும். உள்ளே போகும்போது எதிர்வரும் அலைக்கு அடியில் பலகையை முக்கிப் போகிறீர்களே, டக் டைவ், அது அந்த நீளத்தில் உங்கள் எடைக்குச் சரியாக அமையாது. பிங்கின் மாதிரி குறுகிய, கிண்ணமான அலையில் நீளமான பலகைக்கு உட்கார இடமும் கிடையாது. கடையில் அந்தப் பலகை வெகுநாளாக நின்றுகொண்டிருக்கிறது என்பது என் ஊகம். சிங்கப்பூரில் யார் வாங்குவார்கள்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தேடுவது இதைத்தான். நீளம் 6 அடி 4 முதல் 6 அடி 6 அங்குலம். அகலம் 19¼ முதல் 19½ அங்குலம். நடுவில் தடிமன் 2⅝. லிட்டர் 34-ஐ ஒட்டி. வால் உருண்டு குறுகியது, ரவுண்ட் பின் என்று கேட்டால் தெரியும். தடிமன் நெஞ்சுக்கு அடியில் இருக்க வேண்டும், விளிம்பில் அல்ல. விளிம்பைக் கையால் கவ்விப் பாருங்கள், ஃபிஷ்ஷின் விளிம்பு தோசைக்கல் கைப்பிடி மாதிரி கனமாக இருக்கும், இதில் விரல்கள் இன்னும் நெருங்க வேண்டும். இந்த வகைக்கு ஸ்டெப் அப் என்று பெயர், வழக்கமான பலகைக்கு ஒரு படி மேல். பெயரிலேயே இருக்கிறது, ஒரு படி. மூன்று படி இல்லை.

இதுவரை சொன்னதில் மூக்கு வளைவு, குறுகிய வால், லிட்டரைக் குறைக்காதது ஆகிய மூன்றிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. இனி சொல்வது அந்த ரகம் இல்லை. நான்கு ஃபின்னா, மூன்றா என்று கேட்டால், நான்கு ஃபின், அலை மடங்கி உண்டாகும் குழலுக்குள் நேராக ஓட வேகமாக இருக்கும் என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது திரும்பும்போது விறைப்பாகப் படுகிறது. இரண்டுமே அவரவர் பாதத்தின் கருத்து. 'உங்கள் எடையை இத்தனையால் பெருக்கினால் இத்தனை லிட்டர்' என்று இணையத்தில் வரும் கணக்குகளும் அப்படித்தான். தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், மருந்துச்சீட்டு மாதிரி பின்பற்றக் கூடாது. அதே 34 லிட்டரில் ஒரு பலகை படகாகவும் இன்னொன்று கத்தியாகவும் இருக்கும். எபாக்ஸியா, பழைய பாலியூரித்தேன் நுரையா என்பதிலும் சண்டை உண்டு. எபாக்ஸி இலேசு, மிதப்பும் அதிகம், சின்ன அலைக்கு அருமை. காற்று குறுக்கே அடித்துச் சரிவு கரடுமுரடாக இருக்கும் நாளில், அது ஆட்டோவில் போவது மாதிரி தடதடக்கிறது. கொஞ்சம் கனமான பலகை அதை விழுங்கிக்கொண்டு போகும். அதனால் பெரிய அலைக்கு நான் பாலியூரித்தேன் பக்கம், மேல்பக்கம் இரண்டு அடுக்குக் கண்ணாடி இழைத்துணி, அதில் ஒன்றாவது 6 அவுன்ஸ். உடைந்து என்னிடம் வரும் பலகைகளில் பெரும்பாலானவை இரண்டு 4 அவுன்ஸ் துணி போட்டவை. ஆனால் என்னிடம் வருவது உடைந்தது மட்டும்தானே. உடையாமல் ஓடிக்கொண்டிருப்பவை என் கண்ணில் படுவதில்லை. இதை வைத்து ஒரு முடிவுக்கு வராதீர்கள்.

இதையெல்லாம் கணக்குப் போட்டுத் துல்லியமாகச் சொல்ல முடியாதா, நீ கப்பல்காரன்தானே என்று கேட்கலாம். எங்கள் கணக்கு கப்பலின் எடை ஓரிடத்தில் நிற்கிறது என்று நம்பிப் போடுவது. பலகையிலோ எடையில் பெரும்பகுதி அதன்மேல் நிற்கும் ஆள், அவர் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கிறார். கீழே இருக்கும் நீரும் நிற்காமல் மேலேறிக்கொண்டிருக்கிறது. அதனால் வடிவத்தின் போக்கை என்னால் சொல்ல முடியும், ஒரு பலகை உங்கள் காலுக்கு ஒத்துவருமா என்பதைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் வாடகைப் பலகை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான்காம் வருடம் எனக்கும் தலைக்கனம் அதிகம். ஃபிஷ் பலகையோடு புக்கிட்டில் ஒரு பாறை அலையில் இறங்கினேன். மூன்றாவது அலை. பேடில் அடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன், கீழே நீர் வழித்தெடுத்த மாதிரி பாறையின் பழுப்பு நிறம் தெரிந்தது. அந்த அரை விநாடித் தயக்கம் போதும். வால் என் முதுகுக்கு மேலே எழும்பியது, மூக்கு நேராகக் கீழே இறங்கியது. விழுந்து புரண்டு எழுந்தபோது, காலில் கட்டியிருந்த கயிற்றின் நுனியில் பாதிப் பலகை மட்டும் மிதந்தது. மறுபாதி ஏற்கெனவே கரைக்குப் போய்விட்டது. முழங்கையில் இருந்து தோள் வரை பவளப்பாறை சீவிய கோடுகள். கரையில் தேநீர்க் கடை அம்மா ஒரு எலுமிச்சையை இரண்டாக வெட்டி என் கையில் தேய்த்தார். நான் போட்ட சத்தம் கடலில் இருந்தவர்களுக்குக் கேட்டதாம். எலுமிச்சை கிருமியைக் கொல்லும் என்று அதை நம்பி இருந்துவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பவளத் துகளை எடுத்து, சிவந்து வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

அன்றைக்கு நான் செய்த தப்புதான் நீங்களும் செய்வது என்று உங்கள் வர்ணனையிலிருந்து ஊகிக்கிறேன். அலை தூக்கியவுடன் எழுந்துவிடுகிறீர்கள். பலகை இன்னும் சறுக்க ஆரம்பிக்கவில்லை, அதற்குள் பேடிலை நிறுத்திக் கையை ஊன்றினால் இருந்த கொஞ்ச வேகமும் போய்விடும். போதும் என்று தோன்றியபின் இன்னும் இரண்டு பேடில், நெஞ்சைப் பலகையோடு அழுத்தியபடி. கண் கீழே போகக் கூடாது, போகவேண்டிய பக்கம் போக வேண்டும். கண் போகிற இடத்துக்கு மூக்கு போகும். நேராகக் கரையை நோக்கி இறங்காமல், ஆரம்பத்திலேயே பலகையைச் சற்றுக் கோணலாக வையுங்கள். கோணலாகப் போனால் கிண்ணத்தின் செங்குத்து பாதியாகக் குறைந்த மாதிரி. நீங்கள் இடது காலை முன்வைப்பவர், புக்கிட்டின் மேற்குக் கரையில் பெயர்பெற்ற அலைகள் பெரும்பாலும் இடப்பக்கம் ஓடுபவை. அதாவது அலைக்கு முதுகைக் காட்டியபடி இறங்குகிறீர்கள். வருகிற சுவர் கண்ணில் படாது. இது வலது காலை முன்வைப்பவர்களைவிட உங்களுக்குக் கூடுதல் சிரமம், இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அதற்காக வெட்கப்பட வேண்டாம். இப்படி முதுகு காட்டி இறங்கும் அலைக்குச் சற்று நீளமான, குறுகிய வால் பலகை மன்னிக்கும் குணம் உள்ளது, உங்களுக்கு 6 அடி 6 வரை சொல்ல இதுவும் ஒரு காரணம்.

இனி செய்ய வேண்டியது. இங்கே வாங்காதீர்கள். ஜூலையில் போகிறீர்கள் என்றால் அது தெற்கு அலைகளின் உச்சப் பருவம், தென்கிழக்குக் காற்று புக்கிட்டின் மேற்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி அலையை நிமிர்த்தி வைக்கும். முதல் இரண்டு நாள் மெடேவிக்குப் போங்கள். பாலியின் மேற்குப் பக்கம், இடப்பக்கம் நீளமாக ஓடும் அலை, கல் தரை, ஆனால் அவ்வளவு செங்குத்து இல்லை. வாடகைக்கு ஒரு 6 அடி 4, மறுநாள் ஒரு 6 அடி 6. அளவுநாடாவைக் கூடவே எடுத்துப் போய் மூக்கு ராக்கரைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முதுகுப்பக்கம் காட்டி 10 அலையில் 7-ல் சுத்தமாக இறங்க முடிந்தால், அப்புறம் புக்கிட்டின் உலுவாத்து. அங்கேயும் நீர் ஏறிய நேரத்தில் 'பீக்' என்னும் பகுதி மட்டும். நீர் வற்றியதும் 'ரேஸ்ட்ராக்' பக்கம் எல்லோரும் நகர்வார்கள், நீங்கள் நகர வேண்டாம். உலுவாத்துவில் கடலுக்கு ஒரு குகை வழியாகத்தான் இறங்க வேண்டும், அப்போது இருக்கும் உற்சாகத்தில், திரும்பி வருவதை மறந்துவிடாதீர்கள். நீரோட்டம் குகை வாயைத் தாண்டி இழுத்துப் போகும், அதனால் குகைக்கு முன்னதாகவே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். முதல் நாள் யாராவது உள்ளூர்க்காரர் கரையேறும் வரை காத்திருந்து, அவர் பின்னாலேயே வாருங்கள். பிங்கின் கடைசியாக இருக்கட்டும்.

காலில் கட்டும் லீஷ் கயிற்றையும் மாற்றுங்கள். ஃபிஷ்ஷுக்கு வாங்கிய 6 அடி மெல்லிய கயிறு போதாது, 7 அடி நீளம், 7 மில்லிமீட்டர் தடிமன். அதில் ஒரு சின்ன வெட்டு தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள், பழைய கயிற்றில் மிச்சம் பிடித்து உலுவாத்துவில் நீந்திக் கரையேற வேண்டாம். பாறை அலையில் விழும்போது தலைகீழாகப் பாயாமல், பட்டையாக, முதுகோ பக்கவாட்டோ நீரில் அறையும்படி விழுங்கள், கை இரண்டும் தலைக்கு மேல். வாடகைப் பலகைகளில் ஒன்று காலுக்கு ஒட்டிக்கொண்டால், அங்கேயே பழைய பலகை விற்பவர்களிடம் அதே அளவில் கேட்டுப் பாருங்கள். திரும்பி வரும் விமானம் எவ்வளவு நீளப் பலகையை ஏற்றும் என்பதை வாங்குவதற்கு முன் பாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் வரம்பு வேறு. சாங்கி விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு மேக்ஸி கேப் என்னும் பெரிய டாக்ஸி சொல்லிவிடுங்கள், சாதாரண டாக்ஸியில் ஏறாது.

அப்புறம், புதுப் பலகை வந்ததும் ஃபிஷ்ஷை விற்றுவிடாதீர்கள். ஸ்டெப் அப் பலகையை டெசாருவுக்குக் கொண்டுபோனால் மரக்கட்டை மேல் நிற்பது போலிருக்கும். டிசம்பரில் மழை தூறிக்கொண்டிருக்கும் காலையில், இடுப்பளவு அலையில், அந்த 5 அடி 8 அங்குலம்தான் ஓடும்.